ஒரு கம்பெனி கைமாற மூன்று வாசல்: கனடாவில் மூன்றிலும் நிற்கும் வழக்கறிஞரின் தொழில்

2010 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பிஎச்பி பில்லிட்டன், கனடாவின் பொட்டாஷ் கார்ப்பரேஷனை சுமார் 3,900 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க வந்தது. நவம்பரில் கனடா அரசு முடியாது என்றது. பிஎச்பி அப்போது பொட்டாஷ் உற்பத்தி செய்யவே இல்லை. இரண்டு விற்பனையாளர்கள் ஒன்றாகி விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்கு அங்கே இடம் குறைவு. ஆனாலும் பேரம் நின்றது.

2021 மார்ச்சில் ரோஜர்ஸ், ஷா என்ற இரண்டு தொலைத்தொடர்புக் கம்பெனிகள் இணைவதாக அறிவித்தன. இரண்டுமே கனடாவைச் சேர்ந்தவை, வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை. அந்தப் பேரம் முடிய 2023 ஏப்ரல் ஆகிவிட்டது.

இரண்டு செய்திகளிலும் 'அரசு அனுமதி' என்ற ஒரே சொல்தான் வந்தது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தில் சிக்கியது, இரண்டாவது போட்டிச் சட்டத்தில். இரண்டும் தனித்தனிச் சட்டங்கள். அவற்றின்படி முடிவெடுப்பவர்களும் அவர்கள் கேட்கும் கேள்விகளும் வேறு. ஆனால் டொராண்டோவின் பெரிய சட்ட நிறுவனங்களில் இரண்டையும் ஒரே பிரிவுதான் பார்க்கிறது. ஒரே வழக்கறிஞர் காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று மாறி மாறிப் பார்ப்பார். ஏன் அப்படி? (இனி டாலர் என்று வருவது, வேறு சொல்லாத இடங்களில், கனடா டாலர்.)

## முதலில் அடிப்படை

போட்டிச் சட்டம் பழையது. வியாபாரிகள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்க கனடா 1889-லேயே சட்டம் போட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஷெர்மன் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் வடிவம் 1986-ல் வந்தது. வாங்குபவர் எந்த நாட்டுக்காரர் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இந்த இணைப்பால் சந்தையில் போட்டி கணிசமாகக் குறையுமா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தின் கதை அரசியல். அமெரிக்கக் கம்பெனிகள் கனடாத் தொழில்களை விழுங்குகின்றன என்ற கவலையில், பியர் ட்ரூடோ அரசு 1973-ல் வெளிநாட்டு முதலீட்டு ஆய்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1984-ல் பிரதமரான பிரயன் மல்ரோனி, கனடா தொழிலுக்குத் திறந்திருக்கிறது என்று நியூயார்க்கில் போய் அறிவித்தார். 1985-ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு இன்வெஸ்ட்மென்ட் கனடா சட்டத்தை வைத்தார். பெயரில் இருந்த 'ஆய்வு' போய்விட்டது. ஆய்வு மட்டும் போகவில்லை.

இந்த இரண்டு சட்டங்களிலிருந்தும் மூன்று வாசல்கள் பிறக்கின்றன:

1. போட்டி: காம்பெட்டிஷன் பீரோ என்ற போட்டிப் பணியகம் விசாரிக்கும். தடுக்க வேண்டுமானால் அதன் கமிஷனர், போட்டி வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.
2. நிகர நன்மை: பெரிய வெளிநாட்டு முதலீடுகளால் கனடாவுக்கு மொத்தத்தில் நன்மை உண்டா என்று தொழில்துறை அமைச்சர் முடிவு செய்வார். புத்தகப் பதிப்பு, திரைப்படம் போன்ற பண்பாட்டுத் தொழில்களுக்குப் பாரம்பரியத் துறை அமைச்சர்.
3. தேசியப் பாதுகாப்பு: 2009-ல் சேர்க்கப்பட்டது. பேரத்தைத் தடுக்கும் கடைசி முடிவு அமைச்சரவையுடையது.

## முதல் வாசல்: எண்களும் சாட்சியங்களும்

வாங்கப்படும் தொழிலின் கனடாச் சொத்து அல்லது விற்றுமுதல் 9.3 கோடி டாலரைத் தாண்டினால், இரு தரப்பும் சேர்ந்து 40 கோடி டாலர் அளவுக்குப் பெரியவர்களாகவும் இருந்தால், பேரத்தை முன்கூட்டியே பணியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு. அதற்குள் பணியகத்துக்குத் திருப்தி வராவிட்டால் கூடுதல் தகவல் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும். கேட்டதையெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அடுத்த 30 நாள் ஓடத் தொடங்கும்.

அந்த நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இளம் வழக்கறிஞர்களுக்குத் தூக்கம் கிடையாது. கம்பெனியின் மின்னஞ்சல்கள், இயக்குநர் குழுவுக்குப் போன அறிக்கைகள், விலைப்பட்டியல்கள் என்று லட்சக்கணக்கில் ஆவணங்களைத் திரட்டிப் படித்துத் தர வேண்டும். 'இவர்களை வாங்கிவிட்டால் விலைச் சண்டை ஓயும்' என்று என்றோ ஒரு விற்பனை மேலாளர் எழுதிய ஒற்றை வரி போதும், பேரத்தின் கதி மாறிவிடும்.

வாதத்தின் மையம் சந்தையின் எல்லை. வீட்டுக்கு புரொப்பேன் வாயு விற்கும் இரண்டு கம்பெனிகள் இணைவதாக வைத்துக்கொள்வோம். விலை 5 சதவீதம் ஏறினால் வாடிக்கையாளர் எங்கே போவார்? மின்சாரத்துக்கோ இயற்கை எரிவாயுவுக்கோ மாறுவார் என்றால் சந்தை பெரியது, இணைப்பால் ஆபத்து குறைவு. குழாய் வராத கிராமத்தில், அடுப்பையும் ஹீட்டரையும் மாற்றாமல் எங்கும் போக முடியாது என்றால் சந்தை சின்னது, ஆபத்து அதிகம். வழக்கறிஞரும் பொருளாதார நிபுணரும் சேர்ந்து உட்காருவது இதற்காகத்தான்.

இது கற்பனை உதாரணம் அல்ல. சுப்பீரியர் புரொப்பேன், ஐசிஜி புரொப்பேன் இணைப்பில் 2000-ல் தீர்ப்பாயம் தன் முடிவைச் சொன்னது. போட்டி கணிசமாகக் குறையும் என்று தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது. ஆனால் கனடாச் சட்டத்தில் அப்போது விசித்திரமான ஒரு பிரிவு இருந்தது, 96-வது பிரிவு. இணைப்பால் கிடைக்கும் சிக்கனம், போட்டி குறைவதால் வரும் கெடுதலை ஈடுகட்டி மிஞ்சினால் இணைப்பைத் தடுக்க முடியாது. ஆண்டுக்கு சுமார் 2.9 கோடி டாலர் சிக்கனம் ஒரு தட்டில், அதைவிட மிகக் குறைவான பொருளாதார இழப்பு மறு தட்டில். இணைப்பு தப்பியது. வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் விலை கம்பெனியின் பைக்குத்தானே போகிறது, நாட்டுக்கு நஷ்டமில்லையே என்பது அந்தக் கணக்கின் தர்க்கம். பொருளாதார வகுப்பில் இது செல்லும். சிலிண்டர் வாங்குகிறவரிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

2023 டிசம்பரில் அந்தப் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. 2024 ஜூனில் இன்னொரு மாற்றம் வந்தது: இணைந்த கம்பெனியின் சந்தைப் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டி, சந்தைச் செறிவும் (விற்பனை சில கம்பெனிகளிடமே குவிவது) குறிப்பிட்ட அளவு கூடினால், போட்டி குறையும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கம்பெனிகளுடையது. 96-வது பிரிவிலேயே கால் நூற்றாண்டு ஊறி நிபுணரான வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அந்த நிபுணத்துவத்துக்கு இப்போது வரலாற்று மதிப்பு மட்டும்தான்.

பணியகம் எப்போதும் ஜெயிப்பதும் இல்லை. ரோஜர்ஸ்–ஷா வழக்கில், ஷாவின் ஃப்ரீடம் மொபைல் என்ற கைபேசிச் சேவையை கியூபெக்கின் வீடியோட்ரான் கம்பெனிக்கு 285 கோடி டாலருக்கு விற்க ஏற்பாடாகியிருந்தது. அது போதும் என்று 2022 டிசம்பர் இறுதியில் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. மேல்முறையீடு அடுத்த மாதமே தள்ளுபடி. பணியகம் எதிர்த்தரப்புக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலர் செலவுத்தொகை கட்ட வேண்டியும் வந்தது.

## இரண்டாம் வாசல்: வாக்குறுதியின் விலை

இங்கே நீதிமன்ற வாதம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அமைச்சரோடும் அதிகாரிகளோடும் மூடிய அறையில் பேச்சுவார்த்தைதான்.

2025-ல் உலக வர்த்தக அமைப்பு நாடுகளின் தனியார் முதலீட்டாளருக்கு வரம்பு 138.6 கோடி டாலர். கனடாவோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு 207.9 கோடி. அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளுக்கு 55.1 கோடி. வரம்பு ஒவ்வோர் ஆண்டும் மாறும். அதற்கு மேல் போனால் அமைச்சரின் அனுமதி வேண்டும். முதலில் 45 நாள், பிறகு 30 நாள் நீட்டிப்பு, அதற்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எவ்வளவு நாளும்.

அமைச்சர் பார்க்க வேண்டிய அம்சங்களைச் சட்டம் சொல்கிறது. தொடக்கத்திலிருந்தே இருப்பவை ஆறு: வேலைவாய்ப்பும் பொருளாதாரமும், கனடியர்களின் பங்கேற்பு, உற்பத்தித்திறனும் தொழில்நுட்பமும், கனடாவுக்குள் போட்டி, தேசியக் கொள்கைகள், உலகச் சந்தையில் போட்டியிடும் திறன். நான்காவதைக் கவனியுங்கள். முதல் வாசலின் கேள்வி இரண்டாம் வாசலிலும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஆறையும் கம்பெனிகள் உறுதிமொழிகளால் நிரப்புகின்றன. தலைமை அலுவலகம் இங்கேயே இருக்கும், இத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், இவ்வளவு மூலதனம் போடுவோம். இவற்றை எழுதுவதுதான் வழக்கறிஞரின் உண்மையான கைவேலை. எழுதத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் ஹாமில்டன் நகரில் இருக்கிறது.

அமெரிக்காவின் யூ.எஸ். ஸ்டீல் 2007-ல் ஸ்டெல்கோ என்ற கனடா இரும்பாலையை வாங்கியது. 31 உறுதிமொழிகள் கொடுத்தது. அவற்றில் உற்பத்தி அளவும் வேலைவாய்ப்பு அளவும் எண்ணாகவே இருந்தன. 2008-ல் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஆலைகளை நிறுத்தி ஆட்களை அனுப்பினார்கள். அமைச்சர் கம்பெனியைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்தார். இந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை அப்படி நடந்ததில்லை. உறுதிமொழி மீறும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 டாலர் வரை அபராதம் அப்போது கேட்க முடிந்தது. 2011 டிசம்பரில் புது உறுதிமொழிகளோடு சமரசம் ஆனது. 2014-ல் அதன் கனடாக் கம்பெனி கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இதிலிருந்து வழக்கறிஞர்கள் கற்றது எளிது: வெறும் எண்ணை எழுதாதே. 'சந்தை நிலவரத்தைப் பொறுத்து' என்று ஒரு வால் சேர். அரசுத் தரப்பு கற்றதும் அதேதான், எதிர்த்திசையில்: அந்த வாலை வெட்டு. பேச்சுவார்த்தையில் நேரம் தின்பது இந்த வால்தான்.

பொட்டாஷ் விஷயத்துக்கு வருவோம். பிஎச்பி உறுதிமொழிகளை அள்ளிக் கொடுத்தது. ஆனால் சஸ்காச்சுவான் மாகாண முதல்வர் பிராட் வால், இது நம் மண்ணின் வளம், விடக்கூடாது என்று கிளம்பிவிட்டார். அந்த மாகாணத்தின் 14 நாடாளுமன்ற இடங்களில் 13 ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்தன. அமைச்சர் டோனி கிளெமென்ட் நிகர நன்மை தெரியவில்லை என்றார். மேற்கொண்டு வாதிட 30 நாள் இருந்தும் பிஎச்பி விலகிக்கொண்டது. மனு எவ்வளவு அழகாக இருந்தாலும், தொகுதிக் கணக்குப் போடத் தெரியாத வழக்கறிஞரால் இந்த வாசலில் நிற்க முடியாது. பலர் இதை வெளியே ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

## மூன்றாம் வாசல்: காரணம் தெரியாத மறுப்பு

2008-ல் கனடாவின் எம்டிஏ கம்பெனியின் விண்வெளிப் பிரிவை ஓர் அமெரிக்க ஆயுதக் கம்பெனி 132.5 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தது. ஆர்க்டிக் கடலைக் கண்காணிக்க கனடாவின் வரிப்பணத்தில் உருவான ராடார்சாட்-2 செயற்கைக்கோளும் அதோடு போயிருக்கும். பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு அப்போது இல்லாததால் நிகர நன்மையைச் சொல்லியே தடுத்தார்கள். அடுத்த ஆண்டே பாதுகாப்புப் பிரிவு வந்துவிட்டது.

இதற்குப் பண வரம்பு கிடையாது. கட்டுப்பாடு கைமாற வேண்டும் என்பதும் இல்லை, சிறு பங்கு வாங்கினாலும் ஆய்வு வரலாம். 2018-ல் சீன அரசுக் கம்பெனி ஒன்று ஏகான் கட்டுமானக் கம்பெனியை சுமார் 150 கோடி டாலருக்கு வாங்குவது தடுக்கப்பட்டது. 2020-ல் கனடாவின் வடக்கே நுனாவுட்டில் தங்கச் சுரங்கம் வைத்திருந்த டிமாக் கம்பெனியைச் சீனர்கள் வாங்குவதும் தடுக்கப்பட்டது. 2022 நவம்பரில் மூன்று சிறிய லித்தியம் கம்பெனிகளில் சீன முதலீட்டாளர்கள் வைத்திருந்த பங்குகளை விற்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே லித்தியம் சிலி. தேடும் லித்தியம் தென் அமெரிக்காவில், பதிவு மட்டும் கனடாவில். அதுவும் போதுமானதாக இருந்தது.

முதல் வாசலில் எதிர்த்தரப்பின் சாட்சியத்தைப் படித்துப் பதில் சொல்லலாம். இரண்டாம் வாசலில் எதிரில் இருப்பவரின் முகமாவது தெரியும். இங்கே உளவுத்துறைத் தகவல் வழக்கறிஞரின் கண்ணில் படாது. வருகிற கேள்விகளை வைத்து அரசின் கவலை என்னவாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதுதான். மொத்த ஆய்வு 200 நாளைத் தாண்டியும் இழுக்கலாம். 2024 மார்ச்சில் நிறைவேறிய திருத்தச் சட்டம், பாதுகாப்பு நோக்கில் முக்கியமான சில துறைகளில் பேரம் முடியும் முன்பே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அபராதங்களையும் உயர்த்தியது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு: 2020 ஏப்ரலில் வந்த பிரஸ் நோட் 3 என்ற அரசு அறிவிப்பு, நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. அங்கே கோடு நாட்டின் எல்லையை வைத்துப் போடப்பட்டது. கனடாவில் எல்லா நாட்டவருக்கும் ஒரே பிரிவுதான், பயன்பாடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

## சரி, ஏன் ஒரே வழக்கறிஞர்?

1. கடிகாரம். ஒரே பேரத்துக்கு மூன்று காலக்கெடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. எந்த மனுவை எப்போது போடுவது, அனுமதி வராவிட்டால் யார் தலையில் நஷ்டம், எந்தத் தேதிக்கு மேல் பேரம் ரத்து என்பதெல்லாம் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்று கடிகாரத்தையும் ஒருவர் பார்த்தால்தான் இது நடக்கும்.

2. முரண்பாடு. இதுதான் முக்கியம். போட்டி வாசலில் கம்பெனி, 'இரண்டு ஆலைகளில் ஒன்றை மூடுவோம், செலவு மிச்சமாகும்' என்று சொல்லும். 96-வது பிரிவு இருந்த காலத்தில் அதுதான் பலமான வாதம். அதே வாரம் அமைச்சரிடம் போய், 'ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கமாட்டோம்' என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பக்கம் சிக்கனம் என்று எழுதியது மறுபக்கம் வேலையிழப்பு. இரண்டு மனுவையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் கம்பெனி இரண்டு நாக்கோடு மாட்டிக்கொள்ளும்.

3. பிழைப்பு. நிகர நன்மை ஆய்வுக்கு வரும் பெரிய பேரங்கள் அண்மை ஆண்டுகளில் இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வெறும் தகவலாகத் தெரிவிக்கப்படுபவை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல், ஆனால் அவை பெரும்பாலும் படிவ வேலை. அதை மட்டும் நம்பி ஒரு தொழில் நடத்த முடியாது. போட்டிச் சட்டம்தான் தினசரிச் சோறு.

## தொழில் எப்படி வளர்கிறது

சட்டப் பட்டம் மூன்று ஆண்டு, பிறகு ஒரு மூத்தவரிடம் பயிற்சி, மாகாண பார் தேர்வு. இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்துவிட்டு வருபவர்கள் என்சிஏ எனப்படும் தேசிய அங்கீகாரக் குழு சொல்லும் தேர்வுகளை எழுதிச் சான்றிதழ் வாங்கிய பிறகே பார் தேர்வுக்குப் போக முடியும். பொருளாதாரப் பட்டம் கட்டாயமில்லை. இருந்தால் முதல் வாசலில் பயம் இருக்காது.

முதல் சில ஆண்டுகள் ஆவணம் படிப்பதும் படிவம் நிரப்புவதும். அப்புறம் சாட்சிகளைத் தயார்செய்வது, பணியக அதிகாரிகளோடு தொலைபேசியில் மல்லுக்கட்டுவது. இடையில் பணியகத்துக்கே ஓராண்டு, இரண்டாண்டு இரவல் போய் வருவதும் உண்டு. பணியகத்தின் தலைமையகம் ஒட்டாவா ஆற்றுக்கு அக்கரையில், கட்டினோவில். மறுபக்கம் எப்படி யோசிக்கிறது என்று அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்கு, திரும்பி வந்ததும் மதிப்பே தனி. கம்பெனிகளும் அரசும் இப்படி ஆட்களை மாற்றிக்கொள்வது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இது சின்ன உலகம், இரண்டு பக்கமும் தெரிந்தவர்களே சில நூறு பேர் இருந்தால் அதிகம்.

அரசுப் பக்கமே நின்று எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு கொன்ராட் வான் ஃபிங்கன்ஸ்டைன் ஒரு உதாரணம். கனடா–அமெரிக்கா தடையற்ற வர்த்தகப் பேச்சில் சட்ட ஆலோசகராக இருந்தார். 1997 முதல் 2003 வரை போட்டிக் கமிஷனர். சுப்பீரியர் புரொப்பேனை எதிர்த்து மல்லுக்கு நின்றது அவர் காலத்தில்தான். நான்கு பெரிய வங்கிகள் இணைந்து இரண்டாக முயன்ற 1998-ல், போட்டி குறையும் என்று அவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு நிதியமைச்சர் பால் மார்ட்டின் இரண்டு இணைப்புகளையும் மறுத்தார். பிறகு கூட்டாட்சி நீதிபதி, அதன் பிறகு ஒலிபரப்பு–தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவர்.

இணைப்புகள் குறையும் ஆண்டில் என்ன செய்வார்கள்? விலைச்சதி வழக்குகள். சதியில் இருந்த கம்பெனிகளில் முதலில் வந்து ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு, அடுத்தவருக்குச் சலுகை மட்டும். அதனால் வரிசையில் இடம் பிடிக்க வழக்கறிஞர் ஒரு தொலைபேசி அழைப்பு போடுவார், அதில் சில நிமிடத் தாமதம்கூடக் கோடிகளில் முடியும். ரொட்டி விலைச்சதியில் லோப்லா என்ற பல்பொருள் அங்காடிக் கம்பெனியும் அதன் தாய்க் கம்பெனியும் முதலில் போய்ச் சொன்னதால் விலக்குப் பெற்றன. கனடா பிரெட் கம்பெனி 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

2025 ஜூன் முதல் வேலை இன்னொரு பக்கமும் விரிந்திருக்கிறது. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, ஏமாற்று விளம்பரம் போன்றவற்றில் தனியாரும் அனுமதி பெற்றுத் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் போகும் வழி அகலமாகியுள்ளது. இணைப்புகளை எதிர்த்து வழக்குப் போடும் உரிமை மட்டும் இன்னும் கமிஷனர் கையில்தான்.